உட்கார்ந்துவிடும் வடிவு

ஊடைநூல் சுற்றிய புதுத் தார்க்குச்சியை நாடாக்கட்டைக்குள் அமுக்கி, தறியை ஓடவிட்டதும் கோமதித்தாய் ஜன்னல் கம்பியில் செருகிய கைப்பேசியை எடுத்து ஒற்றைப் பெருவிரலால் எழுதுகிறாள். அடுத்த நூல் அறும்வரை அவளுக்குச் சங்கரன்கோவில் கிடையாது. ஆண்டு 1899. ஒரு ஜமீன் அரண்மனை.

வயது நாற்பத்து மூன்று. இந்த விசைத்தறிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக நின்றுகொண்டே வேலை. கைப்பேசிச் செயலியில் தொடராக வரும் அவளுடைய துப்பறியும் நாவலில் வடிவுக்குப் பத்தொன்பது வயது. அரண்மனைக் கடிதங்களைப் படியெடுப்பவரின் மகள். வக்கீலாகிக் கோர்ட்டில் வாதாட வேண்டும் என்று ஆசை. ராஜா காலராவில் சாகவில்லை, விஷத்தில்தான் செத்தார் என்று கண்டுபிடித்தவள் அவள்தான்.

வடிவு ஏன் அடிக்கடி உட்கார்ந்துவிடுகிறாள் என்று வாசகி ஒருத்தி கேட்டிருந்தாள். கோமதித்தாய் பழைய அத்தியாயங்களைப் புரட்டினாள். உண்மைதான். பிணத்தைக் கண்டதும் படியில் உட்காருகிறாள். கடிதம் கிடைத்ததும் உரல்மேல். கொலைகாரனின் ஆட்கள் துரத்தும்போதுகூட வேப்பமரத்தடியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் ஓடுகிறாள்.

பக்கத்துத் தறிகளை ஓட்டும் உச்சிமாகாளி செயலியெல்லாம் வாசிப்பதில்லை. டீ நேரத்தில் வாய்க்கதையாகக் கேட்பான்.

“யக்கா, ராசாவக் கொன்னது திவானா, தம்பிக்காரனா? நம்மகிட்ட சொன்னா கொறஞ்சா போவ?”

“எழுதுனாத்தாம்லே எனக்கே தெரியும்.”

செயலி நடத்தும் போட்டிக்கு அன்று மாலை ஆறு மணி கடைசி. முதல் பரிசு பெறும் நாவல் அச்சில் வரும். அட்டையில் பெயர் இருக்கும். ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி. சபை நடுவே வடிவு கொலைகாரன் பெயரைச் சொல்ல வேண்டும்.

ஐந்தரைக்கு அவளுடைய நான்கு தறிகளில் இரண்டில் நூல் அறுந்தது. மேஸ்திரி வாசலில் நின்று முறைத்தார். நின்ற தறிக்குக் கூலி கிடையாது. உச்சிமாகாளி தன் தறிகளை நிறுத்திவிட்டு வந்து அறுந்த நூலைப் பிடித்தான். சத்தத்தில் அவள் காதருகே குனிந்து சொன்னான்.

“நீ அந்தக் கொலகாரனப் புடி. இத நான் பாக்கேன்.”

அவள் எழுதினாள்: ‘திவான் நாற்காலியைக் காட்டினார். வடிவு உட்கார்ந்தாள்.’

விரல் நின்றது. கடைசிச் சொல்லை எழுத்தெழுத்தாக அழித்து, ‘உட்காரவில்லை’ என்று போட்டாள். பிறகு நிறுத்தாமல் எழுதினாள்.

ஆறுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் அனுப்பினாள். அவளுடைய தறிகள் நான்கும் ஓடிக்கொண்டிருந்தன. கொலைகாரன் யார் என்று தூரத்திலிருந்து கையால் கேட்டான் உச்சிமாகாளி.

கோமதித்தாய் காலித் தார்ப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். பொறு என்று ஒரு கையைக் காட்டிவிட்டு, மறுகையால் கணுக்காலைப் பிசைந்தாள்.