டேங்கில் போட்ட வெள்ளைப் பொடி

தொண்ணூறுகளின் கடைசியில் நான் சுகாதார ஆய்வாளராக இருந்தேன். அழகர்கோவில் போகும் வழியில் ஒரு சிற்றூரில் வயிற்றுப்போக்கு பரவி, இரண்டு பிள்ளைகளை மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தால் குழாயடியில் ஒரு குடம்கூட இல்லை. ஓவர்ஹெட் டேங்கில் நாங்கள் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்க, ஊரே கண்மாய்த் தண்ணீரை மொண்டு குடித்துக்கொண்டிருந்தது.

"அந்த வெள்ளப் பொடி குடும்பக் கட்டுப்பாட்டு மருந்தாம்ல சார். பொம்பளைக குடிச்சா கரு தங்காதாம்" என்றார் டீக்கடைக்காரர்.

"யாருண்ணே சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்றாக."

ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தேன். எடுபடவில்லை. குழாயடியில் நின்று ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துக் காட்டினேன்.

"நீங்க ஆம்பள. குடிச்சா உங்களுக்கு என்ன கலையப் போகுது?" என்றாள் ஒருத்தி. கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று மாலை இன்னொரு பிள்ளை வாந்தியெடுத்துச் சுருண்டது.

வீடுவீடாக விசாரித்ததில் பேச்சு பாண்டியம்மாள் வீட்டில் போய் நின்றது.

"ஆமா, நாந்தான் சொன்னேன். பொடி போட்ட வாரந்தான் எம் மருமகளுக்குக் கலைஞ்சுச்சு. இது ரெண்டாவது. இல்லேம்பீகளா?"

உள்ளே மருமகள் செல்வி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தயாராக வைத்திருந்த விளக்கத்தை விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன்.

"டாக்டர்ட்ட காட்டுனீகளாம்மா?"

"எங்களுக்கு யாரு இருக்கா சார், கூட்டிட்டுப் போக?"

மறுநாள் காலை இருவரையும் ஜீப்பில் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பரிசோதித்த டாக்டரம்மாவிடம் பாண்டியம்மாள் நேராகவே கேட்டார்: "அந்தப் பொடியாலதானம்மா?"

"மதுர டவுன் பூரா அந்தப் பொடி போட்ட தண்ணிதாம்மா. நானும் அதக் குடிச்சுத்தான் ரெண்டு பெத்தேன். நம்பலைன்னா பிரசவ வார்டப் போய்ப் பாருங்க."

பாண்டியம்மாள் உண்மையிலேயே போய்ப் பார்த்தார். கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்தும் பிள்ளை பெற்றவர்கள் படுத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியிடமும் எந்த ஊர், என்ன தண்ணீர் என்று கேட்டு வந்தார்.

ஊருக்கு வந்ததும் குடத்தோடு குழாயடிக்குப் போனார்.

"என்ன பாக்குறீக? நாந்தான் தெரியாமச் சொல்லிட்டேன். புள்ளைகளக் காப்பாத்தணும்னா குடத்த எடுத்துட்டு வாங்கடி."

சாயங்காலத்துக்குள் குழாயடியில் வரிசை நின்றது. வயிற்றுப்போக்கு மெல்ல அடங்கியது; பிள்ளைகளும் பிழைத்து வீடு திரும்பினார்கள். செல்விக்குக் கரு தங்காமல் போனது தைராய்டு கோளாறால் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்து, மருந்து தொடங்கினார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்வேன்: ஊரில் தவறான பேச்சு கிளம்பினால் உடனே மைக்கைத் தேடாதீர்கள். அது யார் வீட்டில் தொடங்கியது என்று பாருங்கள். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று, உட்கார்ந்து கேளுங்கள்.