ரிஜிஸ்தரில் பத்தொன்பது பேர்

யுத்த காலத்தில் மயிலாப்பூரில் ஓர் அச்சகத்தில் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். முதலாளி நெற்றி நிறைய விபூதி பூசியவர். காகிதத் தட்டுப்பாட்டிலும் தர்மத்தைப் பற்றி மாதம் ஒரு துண்டுப் பிரசுரம் போட்டு இலவசமாக விநியோகித்தார். அதை அச்சடித்தவர்கள் மட்டும் அந்தத் தர்மத்தில் சேர்த்தி இல்லை.

அச்சகத்தில் என்னை விட்டு வேலை செய்தவர்கள் முப்பது பேர். ரிஜிஸ்தரில் பத்தொன்பது. இருபதாவது ஆள் வந்தால் ஃபாக்டரி சட்டமும் கூடவே வந்துவிடும். வேலை நேரம், லீவு, மிஷினுக்குத் தடுப்பு என்று எல்லாவற்றுக்கும் முதலாளி பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே யார் வந்தாலும் போனாலும் பத்தொன்பதுதான். தினமும் காலையில் அந்தப் பெயர்களுக்கு எதிரே ஆஜர் போட்டவன் நான். நாளாக ஆக அது பொய் என்ற நினைப்பே எனக்கு இல்லாமல் போயிற்று.

இன்ஸ்பெக்டர் வண்டி தெருமுனையில் தெரிந்தால் முதலாளி பூஜை அலமாரியிலிருந்து மணியை எடுத்து ஆட்டுவார். மீதிப் பதினோரு பேரும் வேலையைப் போட்டுவிட்டுக் கொல்லை வழியாக ஓடிப்போய்ச் சித்திரக்குளப் படிக்கட்டில் உட்கார வேண்டும். வந்தவர் போனதும் திரும்பலாம். சாமிக்கு வைத்த மணியை அடித்து ஆட்களை விரட்டிய ஒரே பக்தர் இவராகத்தான் இருப்பார்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவர், வாய்போலத் திறந்து மூடி அச்சடிக்கும் டிரெடில் மிஷின் ஓட்டுபவர். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து நடந்து வருவார். ஆறு வருஷ சர்வீஸ். ஒருநாள் மணி அடித்தபோது தாளை மிஷினில் வைத்துக்கொண்டிருந்தார். ஓடுகிற அவசரத்தில் தாளைப் பிடுங்கப் போனார். மிஷின் கையின் மேல் மூடிக்கொண்டது.

அவர் அலறியது முன்கட்டுவரை கேட்டது. நான் இன்ஸ்பெக்டருக்கு எதிரே ரிஜிஸ்தரை விரித்து வைத்துக்கொண்டு நின்றேன்.

"அடுத்தாத்துல குழந்தைக்குக் காது குத்தறா சார்" என்றார் முதலாளி, கண் இமைக்காமல்.

அந்த இன்ஸ்பெக்டரும் காபி டம்ளரைக் கீழே வைக்கவில்லை. அவர் குடித்து முடித்துக் கிளம்பிய பிறகுதான் நான் உள்ளே ஓடினேன். அந்த வெட்கம் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. ரிக்‌ஷாவில் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வலது கையில் நான்கு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அவர் நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டார். அவருக்கும் நாலு பிள்ளைகளுக்கும் இனி அதுதான் சோறு. அவர் அந்த அச்சகத்துத் தொழிலாளி என்று நிரூபித்தால் போதும். விசாரணையில் முதலாளி கூசாமல் சொன்னார்: "ஆத்துக்கு விறகு பிளக்க வர்றவன் சார். வேடிக்கை பார்க்க உள்ளே வந்து கையை விட்டுண்டுட்டான்."

வேலை போனால் போகட்டும் என்று நான் எழுந்து, அவர் ஆறு வருஷமாக மிஷின் ஓட்டியவர் என்று சாட்சி சொன்னேன். அதிகாரி ரிஜிஸ்தரைப் புரட்டினார்.

"நீர் யார்?"

"அங்கே ரைட்டர்."

"உம்முடைய பெயரும் இதில் இல்லையே?"

இல்லைதான். வேலையில் சேர்ந்த அன்றைக்கே முதலாளி என்னிடம், "ரிஜிஸ்தரெல்லாம் கூலிக்காராளுக்கு ஓய், நீர் நம்மாத்து மனுஷர்" என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டுப் பூரித்துப்போன எஸ்.எஸ்.எல்.சி. படித்த முட்டாள் நான்.

"நம்ம பேரனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வர்றார்" என்று முதலாளி என்னையும் ஒரே வரியில் கழித்துக் கட்டினார்.

"இது யார் கையெழுத்து?" என்றார் அதிகாரி.

"என்னுடையது."

"அப்படியானால் இவர் பெயரை எழுதாமல் விட்டதும் நீர்தானே?"

வாய்ச் சாட்சியைவிட எழுத்துத்தான் செல்லும் என்றார் அதிகாரி. மனு தள்ளுபடியானது.

வெளியே வந்ததும் அவர் கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இன்னா ரைட்டரே, ஆறு வருசமா தெனம் என்னைப் பாத்துக்கினு தானே இருந்தே? ஒரு நாளாச்சும் எழுதியிருக்கலாமே."

எழுதியிருக்கலாம். மைகூட என் செலவு இல்லை.