கடையிலேயே மடக்கிப் பார்த்து வாங்கிய ஸ்விட்ச்

சென்ற திங்கட்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு ஒரு சர்வதேச ஹேக்கர் கும்பல் என் ஆபீஸைத் தாக்கிவிட்டது என்ற முடிவுக்கு வந்தேன்.

ஆபீஸ் என்றால் எவ்வளவு பெரியது என்கிறீர்களா? ஆம்பூரில் ஷூவின் மேல்பாகத்துக்குச் சாம்பிள் செய்து தரும் இடம். என்னையும் என் பார்ட்னர் நசீர் பாயையும் சேர்த்துப் பதினாறு பேர். இந்தப் பதினாறு பேரை முடக்க எங்கேயோ ஒரு கும்பல் மாதக்கணக்கில் திட்டம் போட்டிருக்கிறது என்று மனதார நம்பினேன். பதற்றம் வந்தால் மனிதனுக்குத் தன்னைப் பற்றி எவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் வந்துவிடுகிறது பாருங்கள்!

நடந்தது இதுதான். திடீரென்று எல்லாம் ஒன்றாகச் செத்துப்போயின. இன்டர்நெட் இல்லை. பிரின்டர் ஊமை. கேமராக்கள் கறுப்பு. வருகை பதியும் பஞ்சிங் மெஷின் யார் கட்டைவிரலையும் ஏற்கவில்லை.

வேறு நாளாக இருந்தால் டீ குடிக்கப் போயிருப்பேன். ஆனால் வெள்ளிக்கிழமை ஒரு ஜெர்மன் பையர் அம்மா — சரக்கு வாங்கும் கம்பெனிக்காரர் — வீடியோவில் எங்கள் பன்னிரண்டு ஜோடி சாம்பிளையும் பார்க்கப்போகிறார். தையலைக் கிட்டே காட்டு, மடக்கிக் காட்டு, திருப்பிக் காட்டு என்பார். பிடித்தால் அடுத்த சீசன் வேலை எங்களுக்கு. நடுவில் படம் நின்று நின்று வந்தால்...? வேலை வேறு ஆளுக்கு. திங்கட்கிழமை நடந்துகொண்டிருந்தது அதற்கான ஒத்திகைதான்!

என் வீரச் செயல்களைச் சொல்கிறேன். ரவுட்டரை நாலு முறை அணைத்துப் போட்டேன். ஹேக்கர் கண்ணில் படாமல் இருக்க ஆபீஸ் லைட்டை அணைத்தேன் — ஏன் என்று கேட்காதீர்கள். இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். எதிர்முனைப் பெண் பொறுமையாகச் சொன்னார்: "சார், உங்க லைன் நல்லாதான் இருக்கு. உள்ள பாருங்க."

உள்ளே பார்த்தவர் நசீர் பாய். தோலைத் தொட்டே தரம் பிரிப்பவர். முப்பது வருஷ அனுபவம். கம்ப்யூட்டர் என்றால் ஒதுங்கிவிடுவார். மூலையில், எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் சின்னப் பெட்டி — நெட்வொர்க் ஸ்விட்ச் — முன்னால் போய் நின்றார்.

"இன்னா முரளி, எல்லா லைட்டும் ஒண்ணா துடிக்குது? கல்யாண வூடு மாதிரி இருக்கே!"

"தாக்குதல் பாய். தாக்குதல் நடக்குது."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கேபிளை விரலால் தடவிக்கொண்டே போனார். போன விரல் சுற்றிவிட்டு அதே பெட்டிக்கே திரும்பி வந்தது.

"இந்த ஒயருக்கு ரெண்டு தலையும் இதுலயே சொருகி இருக்கு. யார் வேலை?"

மேரி அக்கா கையைத் தூக்கினார். எங்கள் கடைசிச் செக்கிங் அவருடையது. சாம்பிளில் ஒரு நூல் தொங்கினால் கத்திரியை எடுத்துவிடுவார். "நான்தான் சார். ஒயர் தொங்கிட்டு இருந்துச்சு, பார்க்க அசிங்கமா. பக்கத்துல ஓட்டை காலியா இருந்துச்சு. அளவும் கரெக்டா இருந்துச்சா, சொருகிட்டேன்."

ஹேக்கர் கும்பலைப் பிடித்தாயிற்று! கேபிளைப் பிடுங்கினேன். எல்லாம் உயிர் பெற்றன.

விஷயம் எளிது. ஒரே பெட்டியில் இரண்டு முனையும் சொருகினால் உள்ளே வந்த தகவல் வெளியே போய், மறுபடி உள்ளே வந்து, சுற்றிக்கொண்டே இருக்கும். நிமிஷத்தில் கூட்டம் நெரியும். எங்களுடையது சாதாப் பெட்டி. அதற்குப் பிரிக்கவும் தெரியாது, நிறுத்தவும் தெரியாது. வருவதை அனுப்பும், அவ்வளவுதான்.

அக்காவைத் திட்டுவதா? எங்கள் சரக்கில் குறை இல்லை என்று பேர் வாங்கித் தருவதே அந்தக் கைதான். அந்தப் பழக்கத்தை மாற்றுவதைவிடப் பெட்டியை மாற்றுவது சுலபம் இல்லையா?

மறுநாள் பாயும் நானும் வேலூர் பஸ் ஏறினோம். வழியெல்லாம் செல்போனில் ஸ்விட்சுகளைப் பற்றிப் படித்தேன். ஏறும்போது எட்டு போர்ட், அதாவது கேபிள் சொருக எட்டு ஓட்டை, போதும் என்றிருந்தேன். பள்ளிகொண்டாவில் இருபத்துநாலு. விரிஞ்சிபுரம் தாண்டும்போது நாற்பத்தெட்டு! பஸ் இன்னும் கொஞ்சம் தூரம் போயிருந்தால் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சே வாங்கியிருப்பேன்.

கடையில் தேவி என்ற பெண். கடையும் அவருடையதுதான்.

"இருக்கறதுலயே பெரிசா ஒண்ணு குடுங்க" என்றேன்.

"எத்தனை ஒயர் சார் வரும்?"

அவ்வளவு படித்த நான் இதை எண்ணவில்லை. பாய் விரல் மடக்கினார். "கம்ப்யூட்டர் நாலு, கேமரா நாலு, பிரின்டர், பஞ்சிங், வைஃபை பெட்டி, ரவுட்டர். பன்னெண்டும்மா."

"அப்ப பதினாறு போதும் பாய். நாலு ஸ்பேர். கேமராவும் வைஃபையும் கேபிள் வழியாவே கரன்ட் எடுத்துக்கற மாதிரி பாருங்க, தனி அடாப்டர் பேஜார் இருக்காது."

எனக்கு மனம் ஆறவில்லை. நாற்பத்தெட்டைப் போட்டுக் காட்டச் சொன்னேன். உள்ளே ஃபேன் 'ஊய்ய்ய்' என்று கிளம்பியது.

"ஆபீஸுக்கு வாங்கறோமா, தொழிற்சாலைக்கா?" என்றார் பாய். தேவி பிளக்கைப் பிடுங்க, நாற்பத்தெட்டு வாயை மூடிக்கொண்டது. நானும்.

தேவி 'மேனேஜ்டு ஸ்விட்ச்' என்றால் என்ன என்று சொன்னார். அதற்கென்று ஒரு செட்டிங்ஸ் பேஜ் உண்டு. எந்த ஓட்டைக்கு என்ன வேலை, யாருக்கு முதலிடம், யார் யாரோடு கலக்கக்கூடாது — எல்லாம் நாம் வைத்ததே சட்டம். ஒரே பெட்டியைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கலாம் என்றார். புரிந்தது மாதிரி பலமாகத் தலையாட்டினேன்.

பாய்க்கு நிஜமாகவே புரிந்தது. "அட, தோலைத் தரம் பிரிச்சு அடுக்கறோமே, அதான். மேஜை ஒண்ணு, அடுக்கு வேற வேற. கேமரா ஒரு அடுக்கு, வர்றவங்க போன் ஒரு அடுக்கு, நம்ம கம்ப்யூட்டர் ஒரு அடுக்கு."

"பாய், நாளைலேர்ந்து நீங்க இங்க வந்துடுங்க" என்றார் தேவி.

பதினாறு போர்ட் மேனேஜ்டின் அட்டைப்பெட்டி மேல் போட்டிருந்ததைப் படித்துவிட்டுப் பணத்தை எடுக்கப் போனேன். பாய் என் கையைப் பிடித்தார். எங்கள் ஊரில் யாரும் சீட்டைப் படித்துத் தோல் வாங்குவதில்லை. மடக்குவார்கள், இழுப்பார்கள், நகத்தால் கீறுவார்கள். அதற்கப்புறம்தான் பேச்சு.

"இதை மடக்கிப் பார்க்கணும்மா" என்றார்.

தேவி ஒரு கணம் திகைத்துச் சிரித்தார். இரண்டு லேப்டாப்பைச் சாதாப் பெட்டியில் மாட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வீடியோ ஓடவிட்டார். மேரி அக்கா செய்ததை பாய் செய்தார். படம் உறைந்தது. பிறகு மேனேஜ்டு. பேஜுக்குள் போய் ஒரு டிக் போட்டார் தேவி. "சுத்தி வர்றதைத் தடுக்கறது இதான். சில மாடல்ல இது ஆஃப்ல வரும் சார். நாமதான் ஆன் பண்ணணும்." பாய் இரண்டு முனையையும் சொருகினார். அந்த ஓட்டை மட்டும் தன்னைத் தானே அடைத்துக்கொண்டது. படம் ஓடியது! பாய் இரண்டாவது கேபிளைச் சொருகினார். மூன்றாவது...

"பாய், போதும். உடைஞ்சிடப்போவுது!"

"உடையறதுன்னா இங்கயே உடையட்டும் முரளி. வெள்ளிக்கிழமை வேணாம்."

உடையவில்லை. வாங்கினோம்.

எதையும் வாங்கும்போது நாம் 'இது என்னவெல்லாம் செய்யும்' என்றே கேட்கிறோம். 'நம் வீட்டில் என்ன தப்பு நடக்கும், அதைத் தாங்குமா' என்று கேட்பதில்லை. பெரியதைத் தேடி ஓடிய நான் முட்டாள். தப்பைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டிய பாய் புத்திசாலி.

வெள்ளிக்கிழமை. வீடியோ கம்ப்யூட்டருக்கு முதலிடம் கொடுத்து, அடுக்குகளைப் பிரித்து வைத்தாயிற்று. பையர் அம்மா திரையில் வந்தார். பாய் ஒவ்வொரு ஜோடியாகக் காட்ட, நான் பின்னால் நின்று அடுத்ததை எடுத்துக் கொடுத்தேன். ஆறாவது ஜோடியில், பேரணாம்பட்டிலிருந்து தோல் இறக்க வந்த மூன்று பேர் எங்கள் விருந்தினர் வைஃபையில் கிரிக்கெட் பார்க்க ஆரம்பித்தார்கள். வெளியே சிக்ஸர் கூச்சல். எனக்கு உள்ளே விக்கெட். வைஃபையைப் பிடுங்கப் பாய்ந்தேன். பாய் திரையில் தெரியாமல் என் காலை மிதித்தார்.

"நில்லு. படம் நிக்கல."

நிற்கவே இல்லை! ஒரு நொடி கூட. அவர்கள் அடுக்கில் அவர்கள், எங்கள் அடுக்கில் நாங்கள். நாற்பது நிமிஷம், பன்னிரண்டு ஜோடி.

கடைசியில் அந்த அம்மா சிரித்தார். பன்னிரண்டும் ஓகே, சீசன் வேலை உங்களுக்குத்தான் என்றார். மேரி அக்கா கைதட்டினார். பாய் 'பார்த்தியா' என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். வீடியோவை அணைக்கும் முன் அந்த அம்மா கவலையோடு ஒன்று கேட்டார்: "பின்னால் நிற்பவருக்கு உடம்பு சரியில்லையா? நெற்றியெல்லாம் வியர்வை முத்து முத்தாக நிற்கிறதே!"

வீடியோ அவ்வளவு துல்லியம்... சாம்பிள் பாஸ், நெற்றி மட்டும் ரிஜெக்ட்!