ஊதாத் துளி

எங்கள் வீட்டில் எந்தக் குழாயும் சொட்டாது. சொட்டினால் என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார மாட்டார். மூடிய குழாயின் அடியில் விரலை வைத்துத் தடவி, விளக்கு வெளிச்சத்தில் அந்த விரலை உற்றுப் பார்ப்பார். சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனாலும் இதே கூத்துதான். மானம் போவது எனக்கு.

அவருக்கு விமான பிரேக்குகளைச் சோதிக்கும் வேலை. பழுது பார்த்து வந்த பிரேக்கை மேசையில் பூட்டி, ஊதா நிற எண்ணெயை அழுத்தத்தோடு செலுத்தி, பிஸ்டன்களைச் சுற்றிக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்தம் கூடினால், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் இறுகிக்கொண்டு யோக்கியன் மாதிரி இருக்கும். குறைந்த அழுத்தத்தில்தான் அதன் வண்டவாளம் தெரியும்.

புது சீலை எண்ணெய் தடவித்தான் பூட்டுவார்கள். அதனால் முதலில் ஊதா நிறத்தில் ஒரு துளி எட்டிப் பார்த்தால், தடவிய எண்ணெய்தான் என்று துடைத்துவிட்டு மறுபடி சோதிப்பது வழக்கம். ஒருமுறை இவர் அப்படித் துடைத்தார். இரண்டாம் முறை காய்ந்திருந்தது. அனுப்பிவிட்டார். கொஞ்ச நாளில் அந்த பிரேக் பூட்டிய விமானம் மழையில் ஓடுபாதையைத் தாண்டி ஓடி, ஒரு பெரியவர் இறந்துபோனார். தேங்கிய தண்ணீர்தான் காரணம், பிரேக்கில் குறையில்லை என்று விசாரித்தவர்கள் அடித்துச் சொன்னார்கள். எல்லோரும் நம்பினார்கள், இவரைத் தவிர.

"துடைச்சது நான்தானே" என்பார். அன்றிலிருந்து முகம் தெரியாத அந்தப் பெரியவர் எங்கள் வீட்டில் குடியேறிவிட்டார். வாடகை கேட்கத்தான் முடியவில்லை.

போன வாரம் எங்கள் மகள் முதல் வேலைக்குப் புறப்பட்டாள். ஏறுவதற்கு முன் கண்ணாடி வழியாக விமானத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். வாலில் இருந்த பதிவு எண்ணைப் பார்த்ததும் இவர் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார்.

"இதுல இருக்கிறது நான் பாஸ் பண்ணின பிரேக். இதுலயும் ஒரு துளி துடைச்சேன். அவள ஏற வேணாம்னு சொல்லு."

"அடுத்தவங்க பொண்ணுன்னா ஏத்தி அனுப்புவீங்க, நம்ம பொண்ணுன்னா வேணாமா?"

கத்தியது நான்தான். போனை எடுத்து அவளைக் கூப்பிட்டதும் நான்தான். அதற்குள் அவள் போனை அணைத்துவிட்டாள். அதன்பின் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஒருவழியாகப் போன் வந்தது.

"இறங்கிட்டேன்பா."

"பிரேக் பிடிச்சப்ப ஒரு பக்கமா இழுத்துச்சா?"

"தெரியலப்பா. நல்லாத் தூங்கிட்டேன்."

சக்கரம் தரையைத் தொட்டதுகூடத் தெரியாமல் தூங்கியிருக்கிறாள், கழுதை! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. போன உயிர் திரும்பி வந்தது. அவரும் சிரிப்பார் என்று திரும்பினேன். அவர் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ப்ளேன் இந்நேரம் மறுபடி ஆள் ஏத்தியிருக்கும். நீ சொன்னியே, அடுத்தவங்க பொண்ணு. அவ இப்ப உள்ள உக்காந்திருப்பா."

நான் எழுந்து போய், சமையலறைக் குழாயின் அடியில் விரலை வைத்துப் பார்த்தேன்.