விபத்தின் காரணம்: ஏழாம் கட்டம்

பழுப்பேறிய அந்தப் படிவத்தின் ஏழாம் கட்டத்தில் ‘விபத்து நேர்ந்த காரணம்’ என்று அச்சிட்டிருக்கும். லாரி அடிபட்டால் காப்பீட்டுக்காக நிரப்பும் தாள் அது. என்னிடமுள்ள தாளில், வண்டி உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு வல்லரசின் பெயர் இருக்கிறது. ஏழாம் கட்டத்தில் ஐந்து காரணங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, தேதியோடு. எழுதியவர் என் தங்கையின் கணவர். நாமக்கல் வட்டாரத்தில் அடிபட்ட லாரிகளைப் பார்வையிட்டு அறிக்கை தரும் சர்வேயர். சென்ற ஆடியில் காலமானார்.

டிரைவரிடம் அவர் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பார். வண்டி விழுந்த இடத்தில் ஒரு முறை, பாடி கட்டும் பட்டறைக்கு அது வந்து சேர்ந்தபின் ஒரு முறை, பிறகொரு நாள் சாப்பிடவைத்து மூன்றாம் முறை. அதட்டவோ குறுக்கிடவோ மாட்டார். பதிலையும் தேதியையும் குறித்துக்கொள்வார், அவ்வளவுதான். “நடந்ததச் சொல்றவனுக்கு ஒரு காரணம் போதுமுங்க மச்சான். நாலு சொல்றவன் இன்னும் தேடிக்கிட்டிருக்கான்” என்பார்.

அந்த வல்லரசு தொலைதூர நாடொன்றின்மீது படையெடுத்தபோது நான் கல்லூரியில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். அப்போரை நியாயப்படுத்திப் பொதுக்கூட்டமொன்றில் பேச ஒப்புக்கொண்டிருந்தேன், அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. அந்த வல்லரசு சொன்ன ஐந்து காரணங்களை ஐந்து தூண்களாக நிறுத்தி உரையை எழுப்பியிருந்தேன். கூட்டத்துக்கு முந்தைய நாள் காலை அதை மாப்பிள்ளையிடம் படித்துக்காட்டப் பட்டறைக்குப் போனேன். பாராட்டை எதிர்பார்த்தே போனேன் என்பதை மறைப்பதற்கில்லை. நசுங்கிய வண்டியொன்றின் அடியிலிருந்து வெளியே வந்து, முழங்காலைத் தட்டிவிட்டபடி முழுவதும் கேட்டார்.

“நல்லாருக்குதுங்க. இந்த அஞ்சையும் ஒரே நாள்லயா சொன்னாங்க?”

எனக்குத் தெரியவில்லை. பிறருக்கு வரலாறு கற்பிப்பவன், தேதியைப் பார்த்திருக்கவில்லை. வீட்டிலிருந்த நாளிதழ்க் கட்டுகளைக் கொண்டுவந்து, புதிதாகப் பலகை பதித்த லாரித் தளத்தின்மேல் வரிசையாக விரித்தோம். அந்தக் காலைப் பொழுதின் பரபரப்பை இன்றும் விரல் நுனியில் உணர்கிறேன். முதல் காரணம், அந்த நாடு மறைத்துவைத்த ஆயுதங்கள். தேடச் சென்றவர்கள் வெறுங்கையோடு திரும்பிய வாரத்தில் இரண்டாம் காரணம். அதற்குச் சான்று கேட்டதும் மூன்றாவது. ஒவ்வொன்றையும் தேதியோடு அவர் ஒரு காப்பீட்டுப் படிவத்தின் ஏழாம் கட்டத்தில் எழுதிக்கொண்டே வந்தார். தூண்கள் என்று நான் எண்ணியவை, ஒன்று சாயும்போதெல்லாம் அவசரமாக முட்டுக்கொடுத்த கட்டைகள். ஆணி அடித்துக்கொண்டிருந்தவர்களும் வேலையை விட்டுவிட்டுப் பக்கம் புரட்ட வந்தார்கள். படைகள் கப்பலேறிய செய்தி முதல் காரணத்துக்கும் முந்தைய இதழில் கிடைத்தது.

“விபத்துக்கு முந்தியே படிவம் வாங்கி வெச்சிருக்கறானுங்க மச்சான்” என்றார். பட்டறையே சிரித்தது. நான் விடவில்லை.

“அடிவாங்குற நாட்ட ஆளுறவன் கொடியவன், மாப்ள. அதுவும் பொய்யா?”

“அவனும் நல்ல டிரைவர் இல்லீங்க. அதுக்காவ இவன் சொல்றது நெசமாயிருமுங்களா, வாத்தியாரே?”

மறுநாள் மேடையில் உரையை மடித்து வைத்துவிட்டு, காரணங்களையும் அவை சொல்லப்பட்ட தேதிகளையும் மட்டும் வரிசையாக வாசித்தேன். சிலர் எழுந்து போனார்கள். அமைப்பாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அம்மேடைக்கு என்னை அழைக்கவுமில்லை. கடைசி வரிசையில் இந்தப் படிவத்தை மடியில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, ஒரு தேதியை நான் தவறாகப் படித்ததும் கையைத் தூக்கினார். எஞ்சியிருந்தோர் சிரிக்க, திருத்திப் படித்தேன். எந்த மேடையிலும் நான் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்ததில்லை.

‘சர்வேயரின் முடிவு’ என்ற கடைசிக் கட்டத்தை அவர் நிரப்பவில்லை. பலமுறை வற்புறுத்தினேன். “எடத்தப் பாக்காம எழுதக்கூடாதுங்க” என்றுவிட்டார்.

இப்போது தங்கை வீட்டில் தங்கியிருக்கிறேன். வேறோர் அரசு, வேறொரு போர். தொலைக்காட்சியில் காரணம் சொன்ன அன்றே அவர் மேசையிலிருந்து புதிய படிவமொன்றை எடுத்து ஏழாம் கட்டத்தில் எழுதிவைத்தேன். நான்காம் நாள் காலை, அதே வாய் வேறொன்றைச் சொன்னது. நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். கை தானாகக் கைபேசியை எடுத்து, அவர் எண்வரை போய் நின்றது.

சமையலறை வாசலில் தங்கை நின்றிருந்தாள்.

“ஏனுங்ண்ணா, காரணம் மாறிப்போச்சுங்களா?”

“மாறிப்போச்சு.”

அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினாள்.

“மொதல்ல தேதியப் போடுங்க.”