கம்பளி போர்த்திய குதிரை

அழகுமுத்துவுக்கு ரோசம் கொஞ்சம் கூடுதல். நுவரெலியாவில் பந்தயக் குதிரைகளைப் பராமரித்தே நரைத்தவர். யாராவது ஒரு வார்த்தை சொல்ல வந்தால், "குதிரயப் பத்தி எனக்கே சொல்றியா?" என்று வாயை அடைத்துவிடுவார். வீட்டிலும் அதே அதிகாரம்தான். மனைவி பூரணி ரொட்டியைத் தேத்தண்ணியில் முக்கித் தின்றால், "பச்சப்புள்ளயாட்டம் ஊறவச்சுத் திங்கிறா பாரு" என்று நக்கலடிப்பார். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பொம்பளைக்கு வெட்கம் என்று நினைத்துக்கொள்வார்.

லேடி என்ற பெட்டைக்குதிரை ஓடி ஓய்ந்ததும் முதலாளி அதைக் கைகழுவப் பார்த்தார். அழகுமுத்து தன்னோடு ஓட்டிவந்து, தாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக் கட்டினார். பூரணி முணுமுணுத்தாள். ஆனாலும் கொழுந்து எடுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கும்போது அவள் தலையில் ஒரு கட்டுப் புல்லும் வரும். சித்திரை சீசனில் வாவிக்கரையில் காசுக்குப் பிள்ளைகளை ஏற்றி நடத்தினால் லேடி தன் தீனியைத் தானே தேடிக்கொள்ளும். அப்படிப் பல வருசம் ஓடியது.

தொண்ணூற்றெட்டு கடைசியில் லேடி இளைக்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் இளைத்தால் படுத்துவிடும் என்று அழகுமுத்துவுக்குத் தெரிந்தது. புல்லைக் குவித்தார். மரக்கறிச் சந்தையிலிருந்து கரட் கொண்டுவந்து முழுசாகப் போட்டார். போட்டதில் பாதி, சவைத்த உருண்டைகளாகத் தரையில் விழுந்து கிடந்தது. பந்தயக் குதிரையின் திமிர் என்று முடிவு கட்டினார். ஒருநாள் ஆத்திரத்தில் கயிற்றால் இரண்டு இழுப்பு இழுத்தும் விட்டார்.

துருத்திய விலா எலும்பை ஊர் பார்க்கக் கூடாதே. தோட்டத்தில் பூரணிக்குக் கொடுத்திருந்த கம்பளியை எடுத்துக் குதிரைக்குப் போர்த்தினார். மார்கழிக் குளிரில் அவள் பழைய சேலைகளைச் சுற்றிக்கொண்டு படுத்தாள். மனுசன் அதையும் கவனிக்கவில்லை.

தைப்பொங்கல் விடுமுறைக்கு வாவிக்கரையில் நல்ல கூட்டம். காற்றடித்துக் கம்பளி விலகியது. ஒரு சிங்கள அம்மா பிள்ளையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "அனே, பவ்!" என்று பாவப்பட்டார். தின்ன ஒன்றும் கொடுப்பதில்லையா என்றும் சிங்களத்தில் கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அழகுமுத்துவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பூரணியிடம் பொரிந்து தள்ளினார். "என் மானமே போச்சு. அள்ளி அள்ளிக் குடுத்தாலும் துப்பித் தொலைக்குது சனியன்."

பூரணி தரையில் கிடந்த ஓர் உருண்டையை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். "துப்பலிங்க. மெல்ல முடியாம விழுகுது. பல்லு தேஞ்சிருச்சு."

"குதிரயப் பத்தி ஒனக்கு என்னா தெரியும்?"

"குதிரயப் பத்தித் தெரியாதுங்க. பல்லு இல்லாத வாயப் பத்தித் தெரியும்."

சொல்லிவிட்டு, பொத்துகிற கையை விலக்கி வாயைத் திறந்து காட்டினாள். கடைவாயில் ஒரு பல்கூட இல்லை.

"எப்பலேருந்து?"

"லேடி இங்க வர்றதுக்கு முன்னாடியே."

அவர் கொட்டகைக்குப் போய் லேடியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். அங்கேயும் வழவழவென்றுதான் இருந்தது. அவர் பராமரித்ததெல்லாம் இளங்குதிரைகள். பல் தேயும் வயதுக்கு முன்பே அவை கைமாறிப் போய்விடும். அது ஒரு சாக்குத்தான். வாயில்லாத சீவனை அடித்தோமே என்று கூனிக் குறுகிப்போனார்.

அன்றிலிருந்து அவித்துக் குழைத்த கொள்ளும், சுடுதண்ணியில் ஊறிய தவிடும் புண்ணாக்கும், துருவிய கரட்டும்தான் லேடிக்குத் தீனி. ஒரே மூச்சில் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க வைத்தார்கள். சித்திரைக்குள் விலாவில் சதை பிடித்தது. கம்பளியைத் துவைத்துப் பூரணியிடம் கொடுத்தார்.

"அழகுமுத்தண்ணே கைபட்டா செத்த குதிரையும் எழும்பும்," என்றான் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்லசாமி. முன்பென்றால் மீசையை முறுக்கியிருப்பார். அன்று அந்தப் புகழ்ச்சி அவரைச் சுட்டது. உள்ளே போனார்.

பூரணி ரொட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அதை வாங்கிப் பிய்த்துத் தேத்தண்ணியில் போட்டு, ஊறும்வரை காத்திருந்து அவள் முன்னால் நகர்த்தினார்.

"நக்கலாங்க?" என்றாள் அவள்.

இல்லையென்று தலையை ஆட்டினார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.