பாஸ்போர்ட் சென்னையில், குடும்பம் இலங்கையில், நான் திண்டுக்கல்லில்

இந்தப் பதிவில் கொழும்பு, கண்டி, எல்ல என்ற மலை ஊர் எல்லாம் வரும். ஆனால் நான் அங்கே போகவில்லை. விசாவுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் கைக்கு வருவதற்கு முன்பே விடுமுறைப் பயணத்துக்கு நாள் குறிக்கிறவர்கள் படித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன். போன டிசம்பரில் நடந்தது.

திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். சேர்ந்தாற்போல் ஐந்து நாள் லீவு என்பது எங்களுக்கெல்லாம் பெரிய விஷயம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கிளம்பி ஐந்து நாள் இலங்கை போவது என்று செப்டம்பரிலேயே முடிவு செய்தோம். நான், என் கணவர் அருள், பிளஸ் ஒன் படிக்கும் மகள் நிவேதா, வடமதுரையில் இருக்கும் மதினி, அதாவது அருளின் அக்கா, அப்புறம் அவர் கணவர். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். போக வர ஒருவருக்கு 17,400 ரூபாய். ரத்து செய்தால் பைசா திரும்பாத டிக்கெட். திட்டம் முழுக்க என்னுடையது. கண்டியிலிருந்து எல்லவுக்குப் போகும் மலை ரயிலில் எந்தப் பக்க ஜன்னல் நல்லது என்பது வரைக்கும் தேடி எழுதி வைத்திருந்தேன்.

அக்டோபர் கடைசியில் லில்லி அக்கா போன் செய்தாள். என் உடன்பிறந்தவள். ஐரோப்பாவில் நர்ஸ் வேலை, தனி ஆள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றும் ஜனவரி இரண்டாவது வாரம் ஆபரேஷன் என்றும் சொன்னாள். "ஒரு மாசம் வந்து கூட இருந்துட்டுப் போறியாடி?" என்றாள். இருபது வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அதுதான்.

அவளிடம் போவதற்கு, சென்னை விசா மையத்தில் நவம்பர் நடுவில்தான் நேரம் கிடைத்தது. விண்ணப்பத்தோடு பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிட வேண்டும். எங்கள் ஊர் ஏஜென்டிடம் இரண்டு தடவை கேட்டேன். "பதினஞ்சு நாள்ல கைக்கு வந்துரும்க்கா. ஸ்ரீலங்காவுக்கு இன்னும் அம்புட்டு நாள் கெடக்குல்ல" என்றார். நாற்பத்தைந்து நாள் வரை ஆகலாம் என்று விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது. அதை நான் படித்தது டிசம்பர் பத்தாம் தேதி. யாரைக் குறை சொல்ல?

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது, நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று சென்னைக்குக் கிளம்பினேன். திண்டுக்கல்லிலிருந்து 420 கிலோமீட்டர். காலை ஏழரைக்கு ரயில், எழும்பூர் சேரும்போது மணி இரண்டேகால். அங்கிருந்து மையத்துக்கு ஆட்டோ 160 ரூபாய். மூன்றரைக்கு டோக்கன் கூப்பிட்டார்கள். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு நிவேதாவைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். மரியாதையாகத்தான் பேசினாள்.

"இன்னும் முடிவு வரல மேடம். வேணும்னா வித்ட்ரா பண்ணலாம். ஆனா அப்ளிகேஷன் அத்தோட குளோஸ் ஆயிடும்."

"பண்ணினா இன்னைக்கே பாஸ்போர்ட் கையில குடுத்துருவீங்களா?"

"மூணுலேருந்து அஞ்சு வேலை நாள் ஆகும் மேடம். நடுவுல லீவு வேற."

அதாவது, இலங்கைக்கும் கிடைக்காது, அக்காவிடமும் போக முடியாது. எழுந்து வந்து வாசலில் நின்று அருளுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"சரி, நீ வித்ட்ரா பண்ணாத. அக்காவுக்கு நீ போய்த்தான் ஆகணும்."

"அப்ப ஸ்ரீலங்கா?"

"அதான் யோசிக்கிறேன். எல்லாருக்கும் டிக்கெட் வீணாப் போயிரும்ல ஜெசி. நாங்க வேணாப் போயிட்டு வாரோம்."

'வேணா' என்ற சொல்லை அன்றைக்குத்தான் சரியாகக் கவனித்தேன். கேள்வி போல வரும், ஆனால் பதிலுக்குக் காத்திருக்காது. சரி என்றேன். வேறு என்ன சொல்வது? மறுநாள் ஊர் வந்து, அருள், நிவேதா இரண்டு பேருடைய துணிகளையும் நானே பெட்டியில் அடுக்கினேன்.

இருபத்தாறாம் தேதி காலை ஆறரைக்கு வாடகை வேன் வந்தது. மதுரை விமான நிலையம் போய்த் திரும்ப 2,800 ரூபாய். எங்கள் வீட்டிலிருந்து 75 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஏன் கூடப் போனேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வழி நெடுக மதினி நன்றாகத்தான் பேசினார். "நீ இல்லாம என்னத்தப் பாக்கப் போறோம்" என்று மூன்று தடவை சொன்னார். வாசலில் காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்து நான்கு பேரை உள்ளே விட்டார். நிவேதா மட்டும் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வேணா இருந்துரவாம்மா?" என்றாள். அவள் சொன்ன 'வேணா' வேறு. போகச் சொன்னேன்.

திரும்பும்போது காந்திகிராமம் பக்கம் டீக்கு வண்டியை நிறுத்தினார் டிரைவர்.

"நீங்க மட்டும் போகலையாக்கா?"

"பாஸ்போர்ட் வரல."

"அப்ப அவங்க செத்த தள்ளிப் போட்டிருக்கலாம்ல?"

நான் டீயைக் குடித்தேன். முன்பின் தெரியாத அவருக்குத் தோன்றியது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த நான்கு நாள் நான் லேபில் இருந்துகொண்டே இலங்கையைச் சுற்றினேன். லீவை ரத்து செய்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். கொழும்பில் இறங்கியதும் அருள் போன்: ஓட்டல் பதிவு எண் எங்கே? மறுநாள், கண்டியில் ரயில் எத்தனை மணிக்கு, எந்தப் பெட்டி? ஊசி குத்திய கையில் பஞ்சை வைத்து அழுத்தியபடி ஒரு தாத்தா காத்திருக்க, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, "வலது பக்கம் உக்காருங்க, அந்தப் பக்கந்தான் அருவி தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் படங்கள் வரும். நான் பதிவு செய்த ஜன்னல் ஓரத்தில் மதினி உட்கார்ந்திருந்தார்.

இருபத்தொன்பதாம் தேதி பகல் பன்னிரண்டுக்கு கூரியர் லேபுக்கே வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுப் பிரித்தேன். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியிருக்கவில்லை. கூடவே ஒரு தாள். விசா மறுக்கப்பட்டது, விசா காலத்துக்குள் அவர்கள் நாட்டைவிட்டு நான் திரும்பிச் செல்லும் எண்ணம் உறுதியாகத் தெரியவில்லை என்று இருந்தது. இரண்டு முறை படித்தேன். வீடு, வேலை, கணவர், மகள் என்று அத்தனைக்கும் தாள் வைத்துத்தான் கொடுத்திருந்தேன்.

அக்காவிடம் சொன்னபோது, "விடுடி, கூட வேல பாக்குற பிள்ளைக ரெண்டு பேர் இருக்காங்க" என்றாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். மேல்முறையீட்டுக்கு நாள் இல்லை. ஆபரேஷன் அன்றைக்கு நான் ஸ்டோர் ரூமில் போனோடு உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி நேரம் கழித்து, யாரோ எடுத்து அனுப்பிய படத்தில் கண்ணைத் திறந்திருந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

திட்டமிடுகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். ஏஜென்ட் சொல்லும் நாளை விட்டுவிட்டு, விண்ணப்பத்தில் போட்டிருக்கும் அதிகபட்ச நாளைக் கணக்கில் எடுங்கள். அதற்கு மேல் ஒரு வாரம் சேருங்கள். சில நாடுகளுக்கு விண்ணப்பித்துவிட்டு பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளும் வழி உண்டு. முதலில் அதைக் கேளுங்கள். திரும்பப் பெற்றால் எத்தனை வேலை நாள் ஆகும் என்று கொடுக்கும் அன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள். மாற்ற முடியாத டிக்கெட்டை, பாஸ்போர்ட் பையில் இருக்கும்போது மட்டும் போடுங்கள். எல்லாவற்றையும்விட, ஒருவருடைய பாஸ்போர்ட் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் போவதா நிற்பதா என்பதை டிக்கெட் போடும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அப்போது கிடைக்கிற பதிலையும் தாங்கிக்கொள்ளத் தயாராக இருங்கள்.

அருள் கெட்டவர் இல்லை. ஊர் திரும்பிய மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார், "கோடை லீவுல மறுபடியும் போவோம் ஜெசி. எனக்கு இப்ப எல்லா எடமும் அத்துப்படி. உன்னைய நான் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்."

ரசத்தை ஊற்றிவிட்டு, "நீங்க சாப்பிடுங்க" என்றேன்.